காற்றும் பாயும்

யாழ்ப்பாணக் குடாநாடு கடலாற் சூழப்பெற்றது. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே கடனீரேரி, மேற்கே தீவுகளும் அவற்றினிடையே ஓடும் ஆழமற்ற கடலும். எவ்வூரிலிருந்து புறப்பட்டாலும் சில கல் தொலைவிற் கடலைக் காணலாம். ஆயினும், நம் கல்லூரி மாணவரிற் பெரும்பாலோர் கடலைக் கரையில் நின்று கண்டவரேயன்றிக் கடலில் நின்று கரையைக் கண்டவரல்லர். மிதிவண்டியின் சங்கிலி எவ்வாறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது என்பதை விளக்கும் மாணவன், பாய் கட்டிய வள்ளம் எவ்வாறு காற்றை எதிர்த்து முன்னேறுகின்றது என வினவினால் வாய்மூடி நிற்கின்றான். பாய் விரித்துப் படகோட்டுதல், மாலை வேளைகளில் அதனைப் போட்டியாகப் பயிலுதல், பெருங்காற்றிற் படகைக் காத்தல் என்னும் மூன்றனையும் பற்றி எளிய முறையிற் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றின் பெயர்கள்

நூல்களிலே நாம் கற்பிக்கும் காற்றுகள் நான்கு. வடக்கிருந்து வருவது வாடை. தெற்கிருந்து வருவது தென்றல். மேற்கிருந்து வருவது கோடை. கிழக்கிருந்து வருவது கொண்டல். நம் கரையோர மக்கள் வழங்கும் பெயர்கள் சிறிது வேறானவை. வாடையும் கொண்டலும் அவர்களிடத்தும் உள. தென்மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்றைச் சோளகம் என்பர். மேல்காற்றைக் கச்சான் என்பர். நூலிலே தென்றலும் கோடையும் புலவனின் உள்ளத்தைத் தொட்ட காற்றுகள். கரையிலே சோளகமும் கச்சானும் அன்றைய உணவைத் தீர்மானிக்கும் காற்றுகள். இரண்டும் தமிழே.

வைகாசி முதல் ஆவணி, புரட்டாதி வரை சோளகம் ஓங்கி வீசும். கார்த்திகை முதல் தை, மாசி வரை வாடையின் ஆட்சி. இடைப்பட்ட மாதங்களிற் காற்று தளர்ந்தும் திசைமாறியும் வரும். பகற்பொழுதில் நிலம் கடலினும் விரைவாகச் சூடேறுவதாற் கடலிலிருந்து நிலம் நோக்கிக் காற்று எழும். சோளகக் காலத்தில் இவ்விரண்டும் ஒன்றுசேரும்போது பிற்பகலிற் காற்று உச்சம் எய்தி, வெயில் தாழத் தானும் தணிகின்றது. மாலைப்பொழுது பாய்ப்படகு பயில்வார்க்கு ஏற்றதாயிருப்பதன் காரணம் இதுவே. நண்பகலின் வேகமும் இல்லை. இரவின் அசைவற்ற அமைதியும் இல்லை.

எதிர்க்காற்றில் ஏகும் விதம்

காற்றுப் போகும் பக்கம் படகு போதல் யாவர்க்கும் விளங்கும். காற்று வரும் பக்கம் படகு போதலே வியப்பு. இதனை விளக்கப் பட்டமே சிறந்த துணை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டம் ஏற்றுவோரைக் காண்க. அவர்கள் முதலிற் கவனிப்பது முச்சையை. முச்சை சரியாகக் கட்டப்பட்டாற் பட்டம் காற்றுக்கு ஒரு சாய்வைக் காட்டி நின்று மேலே எழும். சாய்வு மிகுந்தாலும் குறைந்தாலும் தலைகுத்தும். காற்றுப் பட்டத்தைப் பின்னே மட்டும் தள்ளுவதாயின் அது மேலே எழுதற்கு வழியில்லை. சாய்ந்து நிற்கும் பரப்பிற் படும் காற்று, அப்பரப்புக்குச் செங்குத்தான திசையில் ஒரு விசையைப் பிறப்பிக்கின்றது. அவ்விசையே பட்டத்தை மேலே தூக்குகின்றது.

படகின் பாயும் நிமிர்த்தி வைத்த பட்டம் போன்றதே. முச்சை செய்யும் வேலையை இங்கே தாமான் செய்கின்றது. தாமான் என்பது பாயின் கீழ்மூலையைப் பிடித்திழுக்கும் கயிறு. அதனை இழுத்தும் நெகிழ்த்தும் பாய் காற்றுக்குக் காட்டும் சாய்வை மாற்றலாம். காற்றுப் படகின் பக்கமாக வரும்போது பாய் உப்பி வளைகின்றது. வளைவின் வெளிப்புறத்தில் அமுக்கம் குறைகின்றது, உட்புறத்தில் மிகுகின்றது. அதனாற் பிறக்கும் விசை ஒருபகுதி படகை முன்னே இழுக்கும். பெரும்பகுதி பக்கவாட்டில் தள்ளும்.

பக்கவாட்டுத் தள்ளுதலைத் தடுப்பது படகின் அடிப்புறம். நீரினுள் ஆழ்ந்திருக்கும் நீண்ட உடலும் அதன் அடிமரமும் முன்னோக்கி எளிதிற் செல்லும். பக்கவாட்டில் எளிதில் நகரா. அடி தட்டையான படகுகளுக்கு நீரினுள் இறக்கும் பலகையொன்று இவ்வுதவியைச் செய்கின்றது. ஈரமான புளியங்கொட்டையை இருவிரலால் நெருக்கினால் அது வழுக்கி முன்னே பாய்வதை அறிவோம். காற்று ஒருவிரல், நீர் மறுவிரல்; இடையே நெருக்குண்டு முன்னே பாய்வது படகு.

ஆயினும் எப்பாய்ப்படகும் நேரே காற்றின் முகத்துக்குள் ஏகாது. நன்கமைந்த இக்காலப் படகொன்று காற்றின் திசைக்கு ஏறக்குறைய 45 பாகைச் சாய்விற் செல்லும். ஆகவே காற்று வரும் பக்கத்திலுள்ள ஓரிடத்தை அடைய விரும்புவோர், சிறிது தூரம் வலமாகவும் பின்னர்ச் சிறிது தூரம் இடமாகவும் மாறிமாறிச் செல்லல் வேண்டும். மலைப்பாதை வளைந்து வளைந்து உச்சியை அடைதல் போன்றது இது. நேர்வழி குறுகியதாயினும் அவ்வழியிற் படகு நின்றுவிடும்; வளைவழி நீண்டதாயினும் அதுவே கொண்டு சேர்க்கும்.

மாலைப் போட்டி

பல நாடுகளின் துறைமுகங்களிலே வாரத்தில் ஒருநாள் மாலை, வேலை முடிந்து வருவோர் தம் சிறு படகுகளை இறக்கி ஓட்டப்போட்டி நடத்துவர். பெரும் பரிசில் இல்லை. பெயரெடுக்கும் ஆசையும் இல்லை. நீரில் மூன்று மிதவைகள் இடப்படும். அவற்றைச் சுற்றி வருதலே போட்டி. முக்கோண வழியாதலின் ஒருபக்கம் எதிர்க்காற்று, ஒருபக்கம் பக்கக்காற்று, ஒருபக்கம் பின்காற்று என மூவகை ஓட்டமும் ஒருங்கே பயிலப்படும்.

இப்போட்டிக்குரிய விதிகள் வியக்கத்தக்க எளிமை உடையன. காற்றை இடப்புறத்தில் வாங்கி ஓடும் படகு, வலப்புறத்தில் வாங்கி ஓடும் படகுக்கு வழிவிடவேண்டும். இரண்டும் ஒரே புறம் வாங்கினால், காற்று வரும் பக்கத்துப் படகு மற்றதற்கு விலகவேண்டும். பின்வந்து முந்துவது, முன்செல்வதற்கு இடையூறு செய்தலாகாது. ஓட்டப்பந்தயத்தைப்போல நின்ற இடத்திலிருந்து புறப்பட இயலாதாதலின், படகுகள் தொடக்கக் கோட்டின் பின்னே அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்து, குறியொலி எழும் கணத்திற் கோட்டைக் கடத்தல் வேண்டும். முன்னரே கடந்தது திரும்பிவந்து மீண்டும் தொடங்கவேண்டும். அளவில் வேறுபட்ட படகுகள் கலந்துகொண்டால், விரைந்த படகின் நேரத்தைக் கணக்கிட்டுச் சரிசெய்யும் முறையும் உண்டு. ஆகவே பழைய படகினனும் புதிய படகினனோடு சமமாகப் பொருதலாம்.

தனியே படகோட்டுபவன் தான் விரைந்து செல்வதாகவே எண்ணுவான். பக்கத்தில் அதே காற்றில் இன்னொரு படகு ஓடும்போதே தன் பாயின் குறையை உணர்வான். தாமானை ஒருசாண் நெகிழ்த்தினால் என்ன நேரும், ஆள் ஒருவர் முன்னே நகர்ந்தால் என்ன நேரும் என்பவற்றை அடுத்த படகு உடனே காட்டிவிடும். வெற்றி தோல்வியினும் இதுவே பெரும் பயன். ஒருவனை ஒருவன் பார்த்துத் திருந்தும் கல்வி இது.

இவை மேனாட்டார்க்கே உரியவை என எண்ணல் வேண்டா. நமக்கெதிரே, பாக்கு நீரிணையின் மறுகரையில், இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டியைச் சூழ்ந்த கடற்கரை ஊர்களிற் கோயில் விழாக்களையொட்டி இன்றும் பாய்மரப் படகுப் போட்டிகள் நிகழ்கின்றன. கரையிற் பெருந்திரளான மக்கள் கூடிநிற்க, விரிந்த பாய்களோடு படகுகள் கடலில் நெடுந்தூரம் சென்று மீள்கின்றன. அப்பகுதிப் பழைய படகுகளுக்குத் தனியழகொன்றுண்டு. படகின் குறுக்கே நீண்ட கனத்த பலகையொன்று வைக்கப்பட்டு, அதன் ஒருமுனை காற்று வரும் பக்கமாக நீர்மேல் நீட்டப்பெற்றிருக்கும். காற்று வலுக்கும்போது ஆட்கள் அப்பலகையின் நுனிக்கு ஏறிச்செல்வர். தணியும்போது உள்ளே நகர்வர். ஜேம்ஸ் ஹோர்ணல் என்னும் ஆராய்ச்சியாளர் இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பை விரித்துரைத்துள்ளார்.

சென்னையிலும் பாய்ப்படகுச் சங்கம் பழமையானது. 1911இல் அங்கே தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகின்றது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிற் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையை எய்தினார். அவர் ஓட்டியது ஒருவர் மட்டும் செலுத்தும் சிறுபடகு. தமிழ்ப் பெண்ணொருத்தி தனியொருத்தியாய்ப் பாயும் சுக்கானும் பற்றி உலகத்தாரோடு போட்டியிட்ட செய்தி, நம் மாணவ மாணவியர் அறிந்து மகிழத்தக்கது.

பெருங்காற்றிற் படகைக் காத்தல்

இனி, இக்கலையின் கடினமான பகுதிக்கு வருவோம். காற்றின் வேகம் இருமடங்கானால் அது பாயின்மேற் செலுத்தும் விசை இருமடங்கன்று, நான்மடங்காகும். மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. மணிக்குப் பத்துக் கடல்மைல் வேகக் காற்றில் இனிதாகச் சென்ற படகு, இருபது கடல்மைற் காற்றிற் கவிழ்தலின் காரணம் இதிலடங்கும். இக்கணக்கை அறியாதவனே, “சற்றுக் கூடுதலான காற்றுத்தானே” என்று துணிவான்.

1805இல் ஆங்கிலக் கடற்படையினரான பிரான்சிஸ் போபோட் என்பார் காற்றின் வலுவை எண்களால் வகுத்தார். அவர் கொண்ட அளவுகோல் கருவியன்று. போர்க்கப்பலொன்று எத்துணைப் பாய் தாங்கும் என்பதே. நம் கரையோரப் பெரியோரும் கருவியின்றியே அளந்தனர். அலையின் தலை அங்குமிங்கும் வெண்ணுரையாய் உடையத் தொடங்கின் கவனம் வேண்டும். எங்கும் வெண்மை பரந்தாற் சிறுபடகு கரையில் இருத்தலே அறிவு. நீர்ப்பரப்பிற் கருமையான தழும்பொன்று விரைந்து நெருங்கினால் அது வீச்சுக்காற்றின் வரவு. அது பாயைத் தொடுமுன் படகோட்டியின் கை தாமானில் இருத்தல் வேண்டும்.

பெருங்காற்றிற் கைக்கொள்ள வேண்டியவற்றை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, பாயைக் காலத்தாற் சுருக்குதல். சுருக்க வேண்டுமோ என ஐயம் எழும் கணமே சுருக்கவேண்டிய கணம். காற்று முற்றியபின் அவ்வேலையைச் செய்யக் கை போதாது.

இரண்டாவது, தாமானை இறுகக் கட்டிவிடாமற் கையிலேயே வைத்திருத்தல். வீச்சுக்காற்று வரும்போது தாமானை நெகிழ்த்தினாற் பாய் காற்றைக் கொட்டிவிடும், படகு நிமிரும். முடிச்சிட்ட தாமான் அக்கணத்தில் அவிழாது. சிறுபடகுகள் கவிழ்வதற்கு இதனினும் பொதுவான காரணம் அரிது.

மூன்றாவது, ஆட்களின் பாரத்தைக் காற்று வரும் பக்கம் வைத்தல். படகு சாய்வது ஒருபுறம். ஆட்கள் இருக்கவேண்டியது மறுபுறம். அஞ்சி எழுந்து நிற்பவன் படகுக்குப் பகை.

நான்காவது, அணியத்தைக் காற்றின் முகத்துக்குத் திருப்புதல். அணியம் என்பது படகின் முற்பகுதி. அது நேரே காற்றை நோக்கினாற் பாய் வெறுமனே படபடக்கும். படகின் ஓட்டம் தணியும். படகுக்குத் தடைக்கட்டை இல்லை, காற்றுமுகமே தடைக்கட்டை. இதற்கு மாறாக, பின்காற்றில் ஓடும்போது படகைத் திடீரெனத் திருப்பினாற் பாய் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்குப் பேரோசையோடு வீசியடிக்கும். பாய்மரம் முறிதலும், ஆட்கள் தலையிற் காயமுற்றுக் கடலில் வீழ்தலும் அவ்வேளையிலேயே நேர்வன. பின்காற்று இனிமையானது போலத் தோன்றும். படகோடு காற்றும் ஓடுவதால் அதன் உண்மை வேகம் மறைந்திருக்கும். திரும்பும்போதே அது தன் முகத்தைக் காட்டும். போகும்போது எளிதாகப் போனோம் என்பதற்காக மீளுதலும் எளிதென எண்ணலாகாது.

ஐந்தாவது, படகு கவிழ்ந்தால் அதனை விட்டு நீங்காமை. கரை அருகில் இருப்பதுபோலத் தோன்றும்; நீந்துவோன் இடைவழியிற் களைப்பான். மரப்படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். தேடிவருவோர் கண்ணுக்கு மனிதத் தலையினும் படகே முதலிற் படும். உயிர்காப்பு அங்கியை அணிதல் வீரத்துக்கு இழுக்கன்று.

இவ்வறிவு புதியதன்று. புறநானூற்றின் முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பாய் களையாமலும் பாரம் குறையாமலும் புகார்த் துறைக்குள் நுழையும் பெருங்கலமொன்றைக் காட்டுகின்றார். ஆற்றுமுகத்தின் ஆழத்தைச் சிறப்பிக்க வந்த செய்தி அது. அதனைச் சிறப்பாகக் கூறியதனாலேயே, ஏனைய துறைகளிற் பாய் களைந்து புகுதலே வழக்கம் என்பது பெறப்படுகின்றது. பாய் சுருக்கும் வேளையைப் புலவர் அறிந்திருந்தார். நாமோ பொருள்கோளை மட்டும் அறிந்து மனப்பாடம் செய்கின்றோம்.

அன்னபூரணியின் ஓட்டம்

இக்கலையில் நம்மவர் எய்திய உயர்வுக்கு ஒரு சான்று போதும். வல்வெட்டித்துறையிலே ஊர்த் தச்சர் கைகளாற் கட்டப்பெற்ற இருபாய்மரக் கப்பல் அன்னபூரணி. சிறுபடகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன், மரக்கலங்களின் தரம் அறிந்தவர். அவர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயரிட்டார். ‘தண்டையல்’ என்று வல்வெட்டித்துறையார் வழங்கும் கப்பற்றலைவரான கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவ்வூர் மாலுமிகளும் அதிற் சென்றனர். சூயெஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலையும், பின்னர் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆந் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது.

அம்மாலுமிகளுக்கு மேற்கூறிய ஐந்து விதிகளையும் எவரும் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கவில்லை. தந்தையிடம் மகனும், தண்டையலிடம் பையனும், கடலிற் கண்டும் செய்தும் கற்றனர். பர்மாவுக்கும் இந்தியத் துறைகளுக்கும் சென்ற வல்வெட்டித்துறைக் கப்பல்கள் அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

எஞ்சியிருப்பது என்ன

அப்பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது. 1950களிலும் 1960களிலும் மீன்பிடிப் படகுகளில் இயந்திரம் பூட்டும் வழக்கம் பரவியது. அது கடலோடிகளின் உழைப்பைக் குறைத்தது, வருவாயைப் பெருக்கியது, அதனைக் குறைகூற இடமில்லை. பாய் மட்டும் மெல்ல மறைந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே கடற்றொழில் பல தடைகளுக்கு உட்பட்டது. கடற்கரையிற் பிறந்தும் கடலில் இறங்க இயலாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. இன்று பாய் விரித்து ஓட்டத் தெரிந்தவர்கள் முதியவர்கள். அவர்களோடு கலையும் செல்லும். கலையோடு சொல்லும் செல்லும்.

வகுப்பிலே ஒருமுறை ‘அணியம்’ என்னும் சொல்லின் பொருளை வினவினேன். அணிகலன் என்றான் ஒருவன். படை அணி என்றான் மற்றொருவன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் மட்டும், “வள்ளத்தின்ரை முன்பக்கம், சேர்,” என்றான். அவன் கடற்கரையூர்ப் பிள்ளை. தமிழ்ப் பாடத்தில் அவன் பெற்ற புள்ளிகள் மிகக் குறைவு. அவனுக்குத் தெரிந்த தமிழை நம் வினாத்தாள் வினவவில்லை.

நம் சமூகத்திலே படித்தவர் கடலைப் பார்ப்பவர் என்றும், கடலோடுபவர் படியாதவர் என்றும் ஒரு பிரிவினை நெடுங்காலம் இருந்துவந்துள்ளது. விசையைக் கூறாக்கும் கணக்கை நாம் தாளில் எழுதிப் புள்ளி பெறுகின்றோம். அவர்கள் அதனை நீரில் நிகழ்த்தி உயிர் பிழைத்தனர். இவ்விரு அறிவும் ஓரிடத்திற் சந்தித்தால் நம் கல்விக்கு எத்துணை வளம் சேரும் என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

அவ்வாறு சந்தித்தற்கு மாலைப் பாய்ப்படகோட்டம் ஒரு வாயில். நம் கடனீரேரி பெரும்பகுதி ஆழமற்றது, திறந்த கடலின் பேரலை அங்கே இல்லை, காற்றோ தாராளம். இரண்டு சிறு படகுகள், மூன்று மிதவைகள், கற்பிக்க மனமுள்ள பழைய கடலோடி ஒருவர், உயிர்காப்பு அங்கிகள் ஆகியன இருந்தால் தொடங்கிவிடலாம். நீந்தத் தெரியாதவனைப் படகில் ஏற்றலாகாது. ஆகவே நீச்சலே முதற்பாடம். இருள் விரைந்து கவியும் நாடாதலின், சூரியன் மறையுமுன் படகுகள் கரையேறிவிடவேண்டும் என்பது மாற்றமில்லா விதியாகட்டும்.

பழைய மாணவரிற் பலர் இன்று கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். விமானத்தில் ஏறிச் சென்றவர்களாயினும், கடல்கடத்தல் என்றே நாம் சொல்கின்றோம்; மொழி பழைய நினைவை விடவில்லை. அவர்கள் விழாக் காலங்களிற் கல்லூரிக்கு வழங்கும் நன்கொடைகளால் மண்டபங்களும் ஆய்வுகூடங்களும் எழுந்துள்ளன. அவற்றோடு ஒரு பாய்ப்படகும் சேருமாயின், அது கடலோரத்து மாணவனும் உள்ளூர் மாணவனும் ஒரே தாமானைப் பற்றும் இடமாகும். பாய் சுருக்கும் வேளையை அறிந்த முதியவர் சிலர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களிடம் கேட்டறிதற்குரிய காலம் இதுவே.